வைத்தியர் பதில்கள்: மழையோடும் சேற்றோடும் வரும் பற்றீரிய நோய்கள்

பெரும்போக விதைப்புத் தொடங்கிவிட்டால் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை காய்ச்சலைப் பற்றியவையாகவே இருக்கின்றன. இம்முறை வந்தவற்றுள் பற்றீரியாக்களால் உண்டாகும் நோய்களைப் பற்றிய ஆறு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். இரண்டு பதில்கள் நீண்டுவிட்டன. அவ்விரண்டும் நமது வயல்களோடு நேரடியாகத் தொடர்புடைய நோய்கள் என்பதால் அவற்றைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை. எழுதியவர்களின் பெயர்களை விட்டு ஊர்ப் பெயரை மட்டும் தந்துள்ளேன்.

வவுணதீவிலிருந்து ஒரு வாசகி: சென்ற மாரியில் என் கணவரின் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று நாங்களே நினைத்துக்கொண்டு பனடோல் மட்டும் கொடுத்து மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தோம். நாலாம் நாள் கண் சிவந்து, சலம் போவதும் குறைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலிக்காய்ச்சல் என்றார்கள், கடவுள் புண்ணியத்தில் தப்பிவிட்டார். இந்தமுறை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என் கணவருக்கு வாரம் ஒருமுறை போடச் சொல்லிக் குளிசை தந்திருக்கிறார். "காய்ச்சலே இல்லாதவன் எதற்கு மருந்து போட வேண்டும்?" என்று அவர் அதைத் தொடாமல் வைத்திருக்கிறார். நான் என்ன சொல்லட்டும், ஐயா?

இந்தப் பதிலை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள், சகோதரி. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்னும் பற்றீரியா, எலியின் சிறுநீரகத்தில் எலிக்கு எந்தத் தீங்கும் செய்யாமல் குடியிருந்து, அதன் சிறுநீரோடு வெளியேறி, ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் பல வாரங்கள் உயிரோடு இருக்கக்கூடியது. எலி மட்டுமன்று, மாடும் எருமையும் நாயுங்கூட இதைச் சுமக்கின்றன. மாடு மேயும் கரையும், எலி வளை தோண்டும் வரம்பும், முழங்கால் அளவு சேறும் ஒன்றுசேரும் இடம் எது என்று உங்கள் கணவரிடம் கேட்டுப் பாருங்கள். அவருடைய வயலைத்தான் அவர் கைகாட்டுவார். அந்தச் சேற்றில் நிற்கும் காலில் புல் கிழித்த கீறலோ, சேற்றுப்புண்ணோ, நீரில் ஊறி வெடித்த தோலோ இருந்தால் அதுவே பற்றீரியாவுக்கு வாசல். முகம் கழுவும்போது கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வுகள் வழியாகவும் அது உட்புகும்.

உட்புகுந்து பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள், சில வேளைகளில் ஒரு மாதம் வரை கழித்தும், கடுங்காய்ச்சலும் தலையிடியும் தொடங்கும். தொட்டாலே வலிக்கின்ற கெண்டைக்கால் சதையும், பீளை தள்ளாமல் சிவந்திருக்கும் கண்களும் இந்நோயை நினைவூட்ட வேண்டிய இரண்டு அடையாளங்கள். இரண்டும் எல்லோருக்கும் தோன்றுவதில்லை. ஆகையால் அவற்றுக்காகக் காத்திருப்பது பிழை. காத்திருந்தால் செங்கண்மாரியும் சிறுநீரகச் செயலிழப்பும் நுரையீரலில் இரத்தக் கசிவும் தொடரக்கூடும். ஆரம்ப நாட்களில் வந்தவருக்கு டொக்சிசைக்கிளின் குளிசையோ, நோய் கடுமையாயின் பென்சிலின் அல்லது செப்ட்ரியாக்சோன் ஊசியோ கொடுத்துக் குணப்படுத்தலாம். அதே நோயாளி ஒரு வாரம் தாமதித்து வந்தால் இரத்தச் சுத்திகரிப்பு வரை போக வேண்டியிருக்கலாம். அந்த மூன்று நாட்களைப் பற்றி நீங்கள் குற்றவுணர்வோடு எழுதியிருக்கிறீர்கள். மாரிக்காலத்தில் டெங்குவையும் எலிக்காய்ச்சலையும் முதல் இரண்டு நாட்களில் வெறுங்கண்ணால் பிரித்தறிவது வைத்தியர்களுக்கே அரிது. உங்களைக் குறை சொல்ல முடியாது. இனிமேல் காய்ச்சலோடு எந்த வைத்தியரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், "நான் வயலில் இறங்கியவன்" என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் பல பரிசோதனைகளைவிட விரைவாக வழி காட்டும். காய்ச்சலுக்குப் பனடோல் கொடுத்ததில் தவறில்லை. ஆனால் உடம்பு உளைவுக்கென்று டைக்ளோபெனக், ஐபுபுரோபென் போன்ற வலிமருந்துகளைக் கொடுத்துவிடக் கூடாது. டெங்குவாயின் அவை இரத்தப்போக்கையும், எலிக்காய்ச்சலாயின் சிறுநீரகப் பாதிப்பையும் கூட்டிவிடும்.

இனி அந்தக் குளிசை. அது டொக்சிசைக்கிளின். சேற்றில் இறங்குபவர்கள் வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டை ஒன்றாகப் போடுவது, உட்புகும் பற்றீரியா பெருகுவதற்கு முன்பே அதை அடக்குவதற்காக. காய்ச்சல் வந்த பிறகு போடுவதற்காக எடுத்துவைக்கும் மருந்து அதுவன்று. வயலில் இறங்குவதற்கு முன்னரே தொடங்கி, சேற்று வேலை முடியும்வரை வாரந்தோறும் அதே கிழமையில் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் சத்தி வரும். சாப்பிட்டபின் ஒரு பெரிய குவளை தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருக்க வேண்டும். பாலோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் சேர்த்துப் போட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. இதைப் போடும் சிலருக்கு வெயில் பட்ட தோல் எளிதில் கன்றிவிடும் என்பதால் நீளக் கைச்சட்டை அணிவது நல்லது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இதைப் போடக் கூடாது. எனவே மீதியை வீட்டிலுள்ள வேறு யாருக்கும் பகிர வேண்டாம். குளிசை போட்டாலும் முழுப் பாதுகாப்புக் கிடைத்துவிடாது. போட்டிருந்தும் காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சம்மாந்துறையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் வாப்பாவுக்கு 58 வயது; பன்னிரண்டு வருடங்களாகச் சீனி வருத்தம். இருமலும் காய்ச்சலும் மெலிவுமாக இரண்டு மாதம் அலைந்தோம். முதலில் கசம் என்று சந்தேகப்பட்டார்கள். சளியில் கசக்கிருமி இல்லை. பிறகு இரத்தத்தை வளர்த்துப் பார்த்து மெலியொய்டோசிஸ் என்றார்கள். இரண்டு கிழமை வார்ட்டில் வைத்து ஊசி போட்டார்கள். இப்போது மூன்று மாதத்துக்குக் குளிசை தந்திருக்கிறார்கள். ஒரு மாதத்திலேயே நன்றாகத் தேறிவிட்டதால் குளிசையை நிறுத்தப்போவதாகச் சொல்கிறார். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால் தொற்றுமோ என்று உம்மாவுக்கும் பயம்.

உங்கள் உம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இந்நோய் மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. பேரப்பிள்ளைகள் வாப்பாவின் மடியில் இருக்கலாம், ஒரே சகனில் சாப்பிடலாம். நோய் வந்தது மண்ணிலிருந்து.

பேர்கோல்டேரியா சூடோமாலி என்ற இந்தப் பற்றீரியா வெப்பமண்டல நாடுகளின் மண்ணிலும் தேங்கிய நீரிலும் இயல்பாக வாழ்வது. விட்மோர் என்ற ஆங்கில மருத்துவர் 1911ஆம் ஆண்டில் ரங்கூனில் இதை முதன்முதலில் இனங்கண்டார். இலங்கையில் நெடுங்காலம் இது அபூர்வ நோய் என்று கருதப்பட்டது. ஆய்வுகூடங்கள் தேடத் தொடங்கிய பின்னர்தான் நாட்டின் பல பாகங்களிலும், குறிப்பாக மட்டக்களப்பு மாவட்டத்திலும், நோயாளிகள் இருப்பது தெரியவந்தது. தேடாததால் காணப்படாத நோய் இது. வெளித்தோற்றத்தில் கசத்தைப் போல, சாதாரண நியூமோனியாவைப் போல, ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டியைப் போல, பிள்ளைகளில் கன்னத்தின் உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கத்தைப் போல எத்தனையோ வேடம் போடும். இரத்தம், சீழ், சளி ஆகியவற்றை, அவற்றிலுள்ள கிருமியை ஆய்வுகூடத்தில் வளரவிட்டு இனங்காணும் வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் உண்மை வெளிப்படும். உங்கள் வாப்பாவுக்கு அது செய்யப்பட்டது பெரும் நன்மை.

மண்ணில் வேலை செய்யும் எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை. மிகப் பெரிய காரணி நீரிழிவு. இரத்தத்தில் சீனி கட்டுப்பாடின்றி உயர்ந்திருக்கும்போது, கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெண்குருதிக் கலங்கள் தம் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. இந்தப் பற்றீரியாவோ அக்கலங்களின் உள்ளேயே ஒளிந்து வாழத் தெரிந்தது. குளிசை ஏன் மூன்று மாதம் என்பதற்கான விடையும் இதிலேயே இருக்கிறது. வார்ட்டில் நாளத்தின் வழி கொடுக்கும் செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் உயிரைக் காப்பாற்றும் முதற்கட்டம். அதன் பிறகும் கலங்களுக்குள்ளும் கட்டிகளின் ஆழத்திலும் எஞ்சி நிற்பவற்றை அழிப்பதற்கே கோட்ரைமொக்சசோல் குளிசை குறைந்தது மூன்று மாதம் தரப்படுகிறது. காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, உடல் தேறிய நிலையில் ஒருவர் குளிசையை நிறுத்திவிட்டு, சில மாதங்களில் முன்னைவிட மோசமான நிலையில் திரும்பி வருவது இந்நோயில் நன்கு அறியப்பட்ட துயரம். உங்கள் வாப்பாவுக்கு அது நேரக் கூடாது. மகனாக நீங்கள் வற்புறுத்துங்கள்; நாட்காட்டியில் ஒவ்வொரு வேளையையும் குறித்து வையுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோட்ரைமொக்சசோல், சீனி வருத்தத்துக்குப் போடும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளோடு சேரும்போது இரத்தச் சீனியை மிகவும் தாழ்த்திவிடக்கூடும். திடீர் வியர்வை, நடுக்கம், மயக்கம் என்று கண்டால் உடனே சீனி கலந்த நீரைக் கொடுத்துவிட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ எழுந்தால் அன்றே காட்ட வேண்டும். சிறுநீரகத்துக்கும் இரத்தத்துக்குமான பரிசோதனைகளுக்குக் கிளினிக் தினத்தைத் தவறவிடாதீர்கள். அடுத்த போகத்தில் வயலுக்குப் போகத்தான் வேண்டுமென்றால், முழங்கால் வரை வரும் இறப்பர் சப்பாத்து அணிந்து, காலில் புண் இருக்கும் நாட்களில் சேற்றைத் தவிர்த்து, சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டு போகட்டும். சப்பாத்தோடு சேற்றில் நடப்பது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். சீனி வருத்தம் உள்ளவர்களிடம் மட்டும் அதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

காரைதீவிலிருந்து ஒரு வாசகி: ஒவ்வொரு வெள்ளத்துக்கும் எங்கள் கிணறு மூழ்கிப்போகிறது. வெள்ளம் வடிந்து மூன்று கிழமையில் மகளுக்கு விடாத காய்ச்சல். ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் விடால் பரிசோதனை செய்து நெருப்புக்காய்ச்சல் என்றார்கள். இன்னொரு வைத்தியர் அந்தப் பரிசோதனையை நம்ப முடியாது என்கிறார். யாரை நம்புவது?

இரண்டாவது வைத்தியரை நம்புங்கள். விடால் பரிசோதனை கிருமியைக் காட்டுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரிகளையே அது காட்டுகிறது. எப்போதோ வந்துபோன தொற்றும், போட்ட தடுப்பூசியும், வேறு காய்ச்சல்களும்கூட இந்நோய் இருப்பதுபோல் அதில் முடிவு வரச் செய்துவிடலாம். உண்மையான நெருப்புக்காய்ச்சல் தொடக்கத்தில் அதற்குத் தப்பியும் விடலாம். முதல் அன்டிபயோட்டிக் போடுவதற்கு முன்னர் எடுக்கப்படும் இரத்த வளர்ப்பே சரியான பரிசோதனை. முடிவு வரச் சில நாட்களாகும். ஆனால் எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்பதையும் அது சொல்லிவிடும். முன்னர் தாராளமாகக் கொடுக்கப்பட்ட சிப்ரோபுளொக்சசினுக்குத் தென்னாசியாவில் இந்தக் கிருமி பெருமளவு அடங்காமல் போய்விட்டதால், இப்போது செப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் ஆகியவை பயன்படுகின்றன.

நெருப்புக்காய்ச்சலை உண்டாக்கும் சல்மனெல்லா டைபி என்னும் பற்றீரியா மனிதரிடம் மட்டுமே வாழ்வது. ஒருவருடைய மலத்திலிருந்து இன்னொருவருடைய வாய்க்குப் போவதே அதன் ஒரே வழி. நடுவில் தண்ணீரும் உணவும் கையும் ஈயும் இருக்கின்றன. கல்முனையிலிருந்து திருக்கோவில் வரை கடலோரம் முழுவதும் மணல் நிலம், சிறிது தோண்டினாலே தண்ணீர். அந்த வசதியே ஆபத்துமாகிறது. மலக்குழியின் கசிவு மணலூடே இலகுவாக ஊர்ந்து கிணற்றைச் சேரும். வெள்ளம் வந்தால் குழியும் கிணறும் ஒரே நீராகிவிடும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்க வேண்டும் என்பார்கள். நெருங்கிய வளவுகளில் அது எத்தனை பேருக்கு இயலும்? ஆகையால் வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அறிவித்துக் குளோரின் இடும்வரை அந்த நீரைக் குடிக்க வேண்டாம். அதன் பின்னரும் கொதித்தாறிய நீரையே குடியுங்கள். நன்றாகக் கொதித்து எழுந்த நீரில் இந்தப் பற்றீரியா பிழைப்பதில்லை. குணமடைந்த சிலருடைய பித்தப்பையில் கிருமி நெடுநாள் தங்கி, அவர்கள் அறியாமலே மலத்தோடு வெளியேறுவதுண்டு. உங்கள் வீட்டில் சமைப்பவர் யாருக்கேனும் இந்நோய் வந்திருந்தால் வைத்தியரிடம் அதையும் கூறுங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய்: என் மூன்று வயது மகனுக்குத் தடிமன் வரும்போதெல்லாம் பாமசியில் அமொக்சிசிலின் பாணி வாங்கிக் கொடுப்பேன். இரண்டு நாளில் சுகமாகிவிடும். மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அடுத்த முறை கொடுப்பேன். இது சரிதானே?

சரியன்று, மகள், அன்போடு சொல்கிறேன். தடிமனை உண்டாக்குவது வைரஸ். பென்சிலின் குடும்பத்து மருந்துகள் பற்றீரியாவின் கலச்சுவரைக் கட்டவிடாமல் செய்தே அதைக் கொல்கின்றன. வைரசுக்குக் கலச்சுவரே இல்லை. பிள்ளைக்குச் சுகமானது தடிமனின் காலம் முடிந்ததால்தான். கலக்கிய பாணி ஒன்றிரண்டு வாரங்களுக்கு மேல் நல்ல நிலையில் இராது. அதைவிட முக்கியமானது, அரைகுறையாகக் கொடுக்கும் மருந்து மகனின் தொண்டையிலும் குடலிலும் வாழும் பற்றீரியாக்களில் பலவீனமானவற்றைக் கொன்று, மருந்தைத் தாங்கக்கூடியவற்றுக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. 1928இல் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் தமது நோபல் உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்திருந்தார்.

வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டிய தருணங்கள் இவை: மூச்சு நிமிடத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ ஓடினால், நெஞ்சு உள்ளே இழுத்தால், காதில் சீழ் வடிந்தால், குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தால். பிள்ளை ஐந்து வயதைத் தாண்டிய பிறகு, இருமலில்லாமல் காய்ச்சலோடு தொண்டை நொந்து, உள்நாக்கின் இருபுறமும் சீழ்ப் புள்ளிகள் தெரிந்தாலும் காட்டுங்கள். அது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் பற்றீரியாவால் வரும் தொண்டை அழற்சியாக இருக்கலாம். கவனியாமல் விட்டால் இதய வால்வுகளைப் பழுதாக்கும் வாதக்காய்ச்சலில் போய் நிற்கும். அதற்குப் பென்சிலின் பத்து நாள், ஒரு வேளை தவறாமல், கொடுக்க வேண்டும்.

வாழைச்சேனையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி: காலில் துருப்பிடித்த தூண்டில் ஏறிவிட்டது. ஏற்பு ஊசி போட்டு ஏழெட்டு வருடமிருக்கும். மறுபடி போட வேண்டுமா?

போட வேண்டும். அழுக்கான ஆழக்காயத்துக்கு, கடைசி ஊசி போட்டு ஐந்து வருடம் கடந்திருந்தால் ஒரு மேலதிக ஊசி அவசியம். காயத்தை முதலில் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவுங்கள். ஏற்புவலியை வரவழைப்பது துருவன்று. மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் பற்றீரிய வித்திகள் காற்றுப் புகாத ஆழக்காயத்தில் முளைத்து நஞ்சைச் சுரப்பதே காரணம். களப்பு நீரிலும் கடல் நீரிலும் வேறொரு பற்றீரியக் குடும்பம், விப்ரியோ, உண்டு. காயத்தைச் சுற்றிய சிவப்பு மணித்தியாலக் கணக்கில் பரவினாலோ கொப்புளம் எழுந்தாலோ, அதிலும் சீனி வருத்தமோ ஈரல் நோயோ உங்களுக்கு இருந்தால், மறுநாள் வரை பொறுக்காதீர்கள்.

ஆரையம்பதியிலிருந்து ஓர் ஆசிரியை: என் வகுப்பில் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றின் முழங்கைக்கு மேலே வெளிறிய படை ஒன்று. பென்சிலால் தொட்டால் அந்த இடத்தில் தெரியவில்லை என்கிறது. வீட்டில் அப்பம்மா அதைக் "குட்டம்" என்று சொல்லி, பிள்ளைக்குத் தனிக் கோப்பை வைத்திருக்கிறாராம். பாடசாலைக்கு அனுப்பலாமா?

உணர்ச்சி குன்றிய வெளிறிய படை என்று நீங்கள் கவனித்தது ஒரு வைத்தியருக்கே உரிய கவனிப்பு. அது தொழுநோயாக இருக்கக்கூடும் என்பதால் பெற்றோரில் ஒருவரோடு இந்த வாரமே தோல் நோய்க் கிளினிக்குக்கு அனுப்பிவையுங்கள். மருந்து இலவசம். பன்மருந்துச் சிகிச்சை 1983இல் இலங்கையில் அறிமுகமானது. ரிபாம்பிசின், டப்சோன், குளோபசிமைன் ஆகியவற்றை, படைகள் குறைவாயின் ஆறு மாதமும் கூடுதலாயின் பன்னிரண்டு மாதமும் தந்தால் நோய் முழுதாக மாறிவிடும். மருந்து தொடங்கிய பின்னர் பிள்ளையிடமிருந்து பிறருக்குத் தொற்றும் அச்சமில்லை. பாடசாலைக்குத் தாராளமாக வரலாம். இந்நோயுள்ள பெரியவர் ஒருவரோடு, சிகிச்சைக்கு முன்னர், நெடுங்காலம் நெருங்கி வாழ்ந்தாலே பெரும்பாலும் தொற்று நிகழ்கிறது. ஆகவே வீட்டார் எல்லோரும் தோலைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். அப்பம்மாவும் அதில் அடக்கம்.

அப்பம்மாவின் அச்சத்துக்கு ஊர் நினைவுதான் காரணம். நமது மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில், மருந்து இல்லாத காலத்தில் இந்நோயாளிகளை ஊரிலிருந்து பிரித்துக் குடியேற்றி வைத்திருந்தார்கள். படகில் ஏறிப்போனவர்கள் வீடு திரும்பாததை அவருடைய தலைமுறை கண்டிருக்கும். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். நேரில் ஒருமுறை போய், அருகில் அமர்ந்து, இப்போது குளிசை இருக்கிறது என்று ஆறுதலாகச் சொல்லி, அந்தத் தனிக் கோப்பையை மற்றக் கோப்பைகளோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.